பெட்டிக்குள் அன்டிபயோட்டிக்: வெளிநாடு போகிற பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கலாமா?

உவர்மலையான்

அக்காவின் மகன் வெள்ளிக்கிழமை இரவு கட்டாருக்குப் பயணம். கட்டட வேலை, 2 வருட ஒப்பந்தம். பெட்டி என் வீட்டு விறாந்தையில்தான் திறந்து கிடக்கிறது. மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, சமஹன், சித்தாலேப, பனடோல் 4 அட்டை. இவற்றோடு அமொக்சிசிலின் 30, சிப்ரோஃப்ளொக்சசின் 20, அசித்ரோமைசின் 6. திருகோணமலை டவுனில் ஒரு பாமசியில் வாங்கினேன். வைத்தியர் எழுதிய துண்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாதியர் பயிற்சியில் இருக்கும் என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, கருவாடு போகட்டும், இந்த மூன்றையும் வெளியே எடுங்கள்" என்கிறாள். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு.

நான் தொண்ணூறுகளில் சவூதியில் 9 வருடம் இருந்தவன். மொழி தெரியாமல், காய்ச்சலோடு, வைத்தியருக்கு முன்னால் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டியவன். அம்மா கட்டித் தந்த குளிசைகள்தான் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்பின. இதில் என்ன பிழை? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மிஸ்ஸி அக்கா

32 வருடம் வார்ட்டில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், மகள் சொன்னது சரி. தடிமனுக்கும் டெங்குவுக்கும் இந்த மூன்றில் ஒன்றும் உதவாது. அவை வைரஸ்; இவை பக்டீரியாவுக்கான மருந்து. அன்று உங்களை எழுப்பியது அம்மாவின் குளிசையா, நான்கு நாள் கழிந்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா?

அதைவிடப் பெரிய பயம் எனக்கு நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, பெட்டியைத் திறந்து அசித்ரோமைசின் இரண்டு போடுகிறான், இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அங்கே இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். உடம்பில் ஏற்கெனவே மருந்து இருப்பதால் பல வேளை ஒன்றும் முளைக்காது. கிருமி உள்ளேதான் இருக்கும். சோதனைக்கு மட்டும் முகம் காட்டாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்கிற வழியையே நாம் அடைத்துவிட்டோம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் கிளம்பிய நெருப்புக் காய்ச்சல் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே அடங்கவில்லை. வாயால் கொடுக்க அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளையும் ஒரே மெஸ்ஸில்தான் சாப்பிடப் போகிறார்கள்.

பாலைவனத்துப் பனை

அக்கா, வார்ட்டில் நின்றது நீங்கள். கேம்பில் கிடப்பது நான். அதிகாலை 4 மணிக்குப் பஸ். காய்ச்சல் என்றால் முதலில் ஃபோர்மனிடம் சொல்ல வேண்டும், அவர் நம்ப வேண்டும், பிறகு கிளினிக். கிளினிக் துண்டு கொண்டுவராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். இத்தனையும் தாண்டிப் போனால் கிளினிக்கில் தருவது என்ன? அதே அமொக்சிசிலின். மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இரத்தம் எடுக்கவில்லை. ஃபைலைப் பார்த்தபடியே எழுதித் தருவார்கள். அப்படியென்றால் பெட்டியில் இருக்கும் குளிசைக்கும் அதற்கும் வித்தியாசம் என் ஒரு நாள் சம்பளம் மட்டும்தானே?

சவூதியில் நான் இருந்த காலத்தில் கடையிலேயே வாங்கலாம். 2018இல் சட்டத்தை இறுக்கினார்கள். அன்றிலிருந்து ஊரிலிருந்து வருகிற பெட்டிதான் எங்களுக்குப் பாமசி.

கிண்ணியாப் பாலம்

உவர்மலை மாமா, பெட்டியில் எல்லாம் இருக்கிறது, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத்தூள் ஜீவனி ஒரு பக்கெட்கூட இல்லையே. வயிற்றோட்டம் வந்தால் கருவாட்டைக் கரைத்துக் குடிப்பதா?

கவுண்டருக்குப் பின்னால்

நான் மருந்தாளர். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். இலங்கையில் அன்டிபயோட்டிக்கைத் துண்டு இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். விற்கிறோம். நான் மறுத்தால் இரண்டு கடை தள்ளி வாங்குவார்கள், அடுத்த மாதம் பனடோலுக்கும் அங்கேயே போவார்கள். இது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாப் பழியையும் கவுண்டர் மேல் போடுகிறவர்கள் ஒரு மாலை வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். தனியார் வைத்தியரிடம் சனலிங் முடிந்து வருகிற துண்டுகளில் பாதிக்கு மேல் மூக்கு ஒழுகலும் இருமலும்தான். முதல் வரியில் அன்டிபயோட்டிக் இருக்கும். அதை நான் மறுக்க முடியாது, துண்டு இருக்கிறதே! துண்டோடு வரும் தவறு மருத்துவம், துண்டு இல்லாமல் வரும் தவறு குற்றம்.

உவர்மலையான் அண்ணாவிடம் ஒரு கேள்வி. உங்களுக்குத் தந்தது முழு அட்டையா, வெட்டிய அட்டையா?

உவர்மலையான்

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெட்டியதுதான். சிறிய வெள்ளைக் கடித உறை மூன்று. ஒவ்வொன்றிலும் பேனாவால் '1 - 0 - 1' என்று எழுதியிருக்கிறது. சிப்ரோ உறைக்குள் கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டுகள், ஒன்றில் '...ளொக்ச' வரை பெயர் தெரிகிறது, காலாவதித் திகதி வெட்டுப்பட்ட மற்றப் பக்கத்தில் போய்விட்டது. உறைகளை மாற்றி வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது.

கவுண்டருக்குப் பின்னால்

அதைத்தான் கேட்டேன். ட்ரமடோல், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு. உங்கள் உறையில் அவை இல்லைதான், ஆனால் பெயரில்லாத குளிசையைக் கையில் எடுக்கும் சுங்க அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? எதை அனுப்பினாலும் முழு அட்டை, பெட்டி, துண்டு.

ஆவணியில் வருபவள்

என் கதை எதிர்த்திசையில் வருகிறது. நான் லண்டனிலிருந்து ஊருக்கு வருகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் புறாமலைக்குப் படகில் போய் வந்த இரவே வயிற்றோட்டம். சித்தி பிஸ்கட் டின்னைத் திறந்து சிப்ரோ தந்தார். மூன்று குளிசை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் தானாக நின்றது. பயணிகளின் வயிற்றோட்டம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக நிற்குமாம், அதைப் பிறகுதான் படித்தேன். தெற்காசியாவில் கம்பிலோபக்டர் என்ற கிருமிக்குச் சிப்ரோ பெரும்பாலும் பயன்படுவதில்லை என்பதையும்.

கார்த்திகையில் லண்டனில் சிறுநீர்த் தொற்று. முதல் மருந்து கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. ஆய்வுகூடம் ஈ.எஸ்.பி.எல். கிருமி என்றது: பல அன்டிபயோட்டிக்குகளை உடைத்துப்போடும் நொதியைத் தானே சுரக்கும் வகை. வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "அண்மையில் தெற்காசியா போனீர்களா?" நெதர்லாந்தில் 2,001 பயணிகளைப் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியா போய்த் திரும்பியவர்களில் 75 வீதமானோர் இந்த வகைக் கிருமியைக் குடலில் சுமந்து வந்திருந்தார்கள். பின்லாந்திலிருந்து உலகின் பல பகுதிகளுக்கும் போய்வந்த 430 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில், வயிற்றோட்டமும் வராமல் அன்டிபயோட்டிக்கும் போடாமல் இருந்தவர்களில் 11 வீதம். வயிற்றோட்டத்துக்கு அன்டிபயோட்டிக் போட்டவர்களில் 37 வீதம். சித்தியின் மூன்று குளிசைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

உவர்மலையான்

வந்துவிட்டது, ஊர்த் தண்ணீர் மேல் பழி. 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்ட, இதே போல மருந்தை உடைக்கும் நொதிக்குப் புதுடில்லியின் பெயரை வைத்தார்கள், இந்தியாவே கொதித்தது. கோழிக்கும் பன்றிக்கும் கொழுக்கட்டும் என்று அன்டிபயோட்டிக் ஊட்டுவதை ஐரோப்பிய ஒன்றியம் முழுதாகத் தடை செய்ததே 2006இல்தான். அதுவரை எங்கே இருந்தது இந்த அக்கறை? சித்தி பாவம், உங்களுக்கு இரவு முழுவதும் முழித்திருந்திருப்பார்.

ஆவணியில் வருபவள்

முழித்திருந்தார். அதற்கும் ஈ.எஸ்.பி.எல்.லுக்கும் என்ன தொடர்பு? நான் ஊரைத் திட்டவில்லை மாமா. என் குடலில் வந்தது என் பிள்ளைகளுக்கும் தொற்றலாம் என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு ஊர் அபிமானம் ஞாபகத்துக்கு வரவில்லை.

பாலைவனத்துப் பனை

ஒன்று மட்டும். தங்கச்சி மூன்றோடு நிறுத்தினார், அதுதான் பிழை. நாங்கள் எடுத்தால் முழுக் கோர்சும் எடுப்போம்.

ஆவணியில் வருபவள்

அதுவும் இப்போது கேள்விக்குரியது. 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் சில வல்லுநர்களே எழுதினார்கள்: முழுக் கோர்சும் முடித்தால்தான் கிருமிக்கு மருந்தெதிர்ப்பு வராது என்பதற்குப் போதிய சான்று இல்லை, தேவைக்கு மேல் நீட்டினால்தான் எதிர்ப்பு கூடும் என்று.

மிஸ்ஸி அக்கா

ஐயோ, இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு எத்தனை பேர் என்னிடம் வந்துவிட்டார்கள்! குறைந்த நாள் போதும் என்று பல நோய்களுக்குக் கண்டிருக்கிறார்கள், உண்மை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை அறிந்தவர் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம், அதில் ஒரு கிழமை குறைத்துப் பாருங்கள். 1945இல் நோபல் பரிசு உரையிலேயே ஃப்ளெமிங் எச்சரித்தார்: பெனிசிலினை யாரும் கடையில் வாங்கும் காலம் வரலாம், அறியாதவன் குறைவாகப் போட்டுக் கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவான் என்று. அவர் சொன்ன கடை இப்போது உவர்மலையிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

பனைத் தம்பி, உங்கள் ஒரு நாள் சம்பளத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மையான கஷ்டம். அதனால் முழுக்க மூடிவைக்கவும் சொல்ல மாட்டேன். வைத்தியர் துண்டு எழுதி, முழு அட்டையாக அசித்ரோமைசின் கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. கடும் காய்ச்சலோடு வயிற்றோட்டம், அல்லது மலத்தில் இரத்தம், உடனே வைத்தியரிடம் போக வழியில்லை: அப்போது மட்டும். தண்ணீராய்ப் போனால் ஜீவனிதான்.

உவர்மலை அண்ணா, சிப்ரோவை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தசைநாண் அறுந்துபோகலாம் என்று 2008இலிருந்து அமெரிக்காவில் அந்த வகை மருந்துகளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கிறார்கள். பிள்ளை சீமெந்து மூட்டை தூக்கப் போகிறான். குதிக்கால் போனால் வேலையும் போகும், விசாவும் போகும்.

உவர்மலையான்

சீமெந்து மூட்டை என்றதும் அக்கா இங்கே அழத் தொடங்கிவிட்டார்.

சரி. சிப்ரோ வெளியே. நாளைக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டி, அசித்ரோமைசினுக்குத் துண்டு வாங்குகிறேன். ஜீவனி 10 பக்கெட். அமொக்சிசிலினைப் பற்றி வீட்டில் இன்னும் முடிவில்லை. நான் உள்ளே வைக்கிறேன், மகள் வெளியே எடுக்கிறாள். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம்.

கிண்ணியாப் பாலம்

எடுத்ததைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் மாமா. நம் கோட்டைக்குள் திரியும் மான்கள் உறையோடு தின்னும்.

பாலைவனத்துப் பனை

அண்ணா, பிள்ளை வந்து இறங்கியதும் எனக்கு அழைக்கச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைகளில் நான் ஓய்வு. அந்த அமொக்சிசிலின் கடைசியில் பெட்டிக்குள்தான் போகிறது என்றால், எனக்கும் ஓர் அட்டை.

மிஸ்ஸி அக்கா

தம்பி!