பாத்ரூம் மார்பிளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பாத்ரூமுக்கு வெள்ளை மார்பிள் போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது; அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது. எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. குழாய்க்கு அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி படிந்திருக்கிறது. பக்கெட் வைக்கிற இடம் வட்டமாகப் பழுப்பேறி, தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. போதாததற்கு, சுத்தம் செய்ய வந்தவர் ஆசிட் ஊற்றிவிட்டார். மார்பிளே கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டால் அரித்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. எலுமிச்சையும் வினிகரும்கூட ஆகாது. இப்போது குளித்ததும் வைப்பரால் தள்ளித் துணியால் துடைக்கிறோம்.

மறுபடி பாலிஷ் போட்டு, நன்றாகக் காயவிட்டு சீலர் (கல்லுக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற பூச்சு) அடித்தால் போதுமா? கல் இடுக்கில் இருக்கிற சிமென்ட்டைச் சுரண்டி எபாக்சி கிரௌட் (இடுக்கை அடைக்கிற பிசின் கலவை) வைக்கணுமா? காட்பாடி, வேலூர் பக்கம் உப்புத் தண்ணீர் வீட்டில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சீலர் எத்தனை மாதம் தாங்கியது?