வேட்டை இறைச்சியைப் பழுதாகாமல் காப்பது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

எட்மன்டன்வாசி:
போன நவம்பரில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பொழுதுபடும் நேரத்தில் ஒரு மியூல் மானைச் சுட்டார். குடலை எடுத்துவிட்டார், தோலை உரிக்கவில்லை. வெளியே குளிர்தானே என்று பிக்கப்பின் பின்தட்டில் அப்படியே கிடத்திவிட்டு, விடிந்த பிறகு என்னை உதவிக்குக் கூப்பிட்டார். முதுகுத் தசை அருமையாக இருந்தது. பின்தொடையை இடுப்பு மூட்டில் பிரித்தோம். கத்தி எலும்பைத் தொட்ட இடத்தில் சதை சாம்பல் கலந்த பச்சை, பிசுபிசுப்பு, முகத்தில் அடிக்கிற புளித்த நெடி. கையை வைத்தால் உள்ளே இன்னும் இளஞ்சூடு. இரண்டு தொடையும் குப்பைக்குத்தான் போயின. மான் மயிர் உள்ளே வெறுமையான குழாய். குளிரிலிருந்து மானைக் காக்கிற அதே மயிர், செத்த பிறகு உள்சூட்டை வெளியே விடாது. அந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் தொடைகளைத் தூக்கிக்கொண்டு போனார். அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

வன்னிக்காரன்:
இதை வாசிக்க வயிறு எரிகிறது. எங்கள் ஊரில் ஃப்ரிட்ஜ் ஏது? பன்றி விழுந்தால் அன்றிரவே வெட்டி முடித்தாக வேண்டும். அப்பம்மா கீலம் கீலமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, அடுப்புக்கு மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிடுவா. ஒவ்வொரு கீலத்தையும் விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பா. தடிப்பாக இருந்தால் திருப்பி வெட்டச் சொல்லுவா. ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது, புகையும் சரியாக எழவில்லை. மடிப்புக்குள் ஈ முட்டை வெள்ளையாக ஒட்டியிருந்ததைக் கண்டதும் முழுக் கம்பியையும் இறக்கி, தோட்டத்தில் குழி தோண்டித் தாட்டுவிட்டா. வீட்டில் வேறு கறி இல்லாத நேரம் அது. நாங்கள் பிள்ளைகள் அழுதோம், அவ அசையவில்லை. சுற்றிவர அவ்வளவு குளிர் இருந்தும் தொடையைப் பழுதாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை, எட்மன்டன் அண்ணை.

ஹாமார் தமிழன்:
வன்னிக்காரன், கீலமாக வெட்டுகிற பன்றியும் எல்க் மானும் (கனடாவில் மூஸ் என்பார்கள்) ஒன்றல்ல. நோர்வேயில் தோலை உரித்து, உடலை நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுவோம். எங்கள் வேட்டைக் குழுவின் பெரியவர் கொட்டகைச் சுவரில் பென்சிலால் தினமும் ஓர் எண் எழுதுவார். அன்றன்றைய சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்து 40 ஆனதும் வெட்டலாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 4 பாகை என்றால் 10 நாள், 8 பாகை என்றால் 5 நாள். ஒரு இலையுதிர் காலம் சூடு தணியவே இல்லை. கணக்குப்படி இன்னும் நாள் இருக்கிறதே என்று இளையவன் ஒருவன் வாதாடினான். பெரியவர் விலாவின் உட்புறத்தில் மூக்கை வைத்து முகர்ந்து, விரலால் தடவிப் பார்த்தார். மேற்பரப்பு காயாமல் வழுவழுத்தது. “சுவரைப் பார்க்காதே, இறைச்சியைப் பார்” என்று சொல்லிவிட்டு அன்றே குளிரறைக்கு ஏற்றினார். இறைச்சி தப்பியது.

சுட்ட அன்றே ஃப்ரீசரில் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செத்த பின் தசையில் வரும் விறைப்பு அடங்கும் முன் உறைய வைத்தால் தசை சுருங்கிவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான்.

சஸ்கட்டூன் ராணி:
உலர்த்துவது, புகையூட்டுவது எல்லாம் நல்ல வழிதான். ஆனால் கரடி, காட்டுப்பன்றி இறைச்சியில் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கோடை முகாமில் கறுப்புக் கரடி இறைச்சியைக் கம்பியில் குத்திச் சுட்டார்கள். அந்த இறைச்சி இயல்பிலேயே கறுப்பு, வெந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு சிறுவன் அதே கம்பியிலிருந்த வெங்காயத்துக்குக் கை நீட்டினான். நான் தட்டை இழுத்துவிட்டேன். வீட்டுக்காரிக்குக் கோபம், இன்றும் சரியாகப் பேசுவதில்லை.

2022இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடிய இடத்தில் இதுதான் நடந்தது. எங்கள் சஸ்காச்சுவன் மாகாணத்தின் வடக்கில் சுட்ட கரடி, 45 நாள் உறைய வைத்தது. சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் சரியாக வேகவில்லை என்று கண்டு மறுபடி சுட்டார்கள். இறைச்சித் தசைக்குள் இருக்கும் டிரிக்கினெல்லா என்ற நுண்புழு 6 பேருக்குத் தொற்றியது. அதில் 2 பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, கூடச் சுட்ட காய்கறியைத்தான் சாப்பிட்டார்கள். வடக்கத்திப் புழுவை உறைபனி கொல்லாது. துண்டின் நடுவில் வெப்பமானியைக் குத்தி 74 பாகை காட்டினால்தான் தட்டில் போடுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய் வெட்டாதீர்கள். இன்னும் இருக்கிறது: மான் கொழுப்பு ஃப்ரீசரிலும் காறிப்போகும், பொதி கட்டும் முன்னே சீவி எறியுங்கள். காற்று போகாமல் சுற்றித் தேதி எழுதுங்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துணுக்கு நினைப்பதைவிடத் தூரம் சிதறும். உறைந்ததை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே இளக வையுங்கள், மேசையில் வேண்டாம்.

எட்மன்டன்வாசி:
ராணி அக்கா, வெப்பமானி வாங்கச் சொல்லிவிட்டேன். வன்னிக்காரன், அவர் அலட்சியக்காரர் இல்லை. இருட்டிவிட்டது, தனியாள், மானோ பெரிய ஆண். இந்த முறை நானும் போகிறேன். விழுந்த இடத்திலேயே தோலை உரித்துத் தொடைகளைக் கழற்றி, காற்றுப் போகிற துணிப் பைகளில் தொங்கவிடப்போகிறோம். அப்புறம், அவர் வேட்டையாடும் வலயத்தில், மானின் மூளையைத் தாக்கும் CWD என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். அந்த நோய்க்குக் காரணமான புரதத்தை எந்தச் சமையல் சூடும் அழிக்காது. அதனால் முடிவு வரும்வரை பொதிகளைத் தனித் தட்டில் வைக்க என் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். எல்க் அளவுக்குப் பெரிய துணிப் பை எட்மன்டனில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.