மறையூர் மலைச்சுற்று: ஓடின தடத்தைப் பொதுவில் போடலாமா?

உடுமலை ஓட்டக்காரன்:
போன ஞாயிறு விடியுமுன்னே கேரளாவுல இடுக்கி மறையூர் பக்கம், கோவில்கடவு தென்காசிநாதர் கோயில்கிட்ட இருந்து மூணு பேர் கிளம்பினோம். கரும்புக்காட்டைத் தாண்டினதுமே மலை நெஞ்சுக்கு நேரா நிக்குது. மறையூர் 1000 மீட்டர் பக்கம், பழங்காலப் பாறை ஓவியம் இருக்கற அட்டள பாறை 1500. ஏத்தத்துல ஓட்டமெல்லாம் கிடையாது, முட்டில கையூணி நடைதான். இறக்கம் அதைவிட மோசம், பனியில நனைஞ்ச தைலப்புல்லு எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது. ரெண்டு தடவை உக்காந்துட்டேன். ஆனா மேல அந்தச் செங்காவி ஓவியங்களுக்கு முன்னால மூச்சு வாங்க நின்னப்ப வலி மறந்துபோச்சு. வாட்ச் 17 கி.மீ. காட்டுச்சு. ஜிபிஎஸ் தடத்தை இங்க போடலாம்னு இருக்கேன், ஆசைப்பட்டவங்க ஓடிப் பாருங்க.

கோவில்கடவு டீச்சர்:
தம்பி, வேண்டாம். முருகன் மலையில முனியறைகளை, அதான் அந்தப் பழங்காலக் கல்திட்டைகளைப் பாத்திருப்பீங்க. எத்தனை கல்லு சரிஞ்சு கிடக்கு, எத்தனை கல்லுல காதலர் பேரு! வழி சுலபமா இருக்கறதுதான் அதுக்கு வினை. பாண்டவர் மறைஞ்சிருந்ததால மறையூர்னு ஒரு கதை உண்டு. நீங்க இருந்திருந்தா அவங்களையும் மேப்புல போட்டிருப்பீங்க.

உடுமலை ஓட்டக்காரன்:
சிரிச்சுட்டேன் டீச்சர். ஆனா மறைச்சு வச்சாக் காப்பாத்தின மாதிரி ஆயிடுமா? யாரும் போகாத இடத்துல எவனாவது சுரண்டினாக் கேக்க ஆளில்லை. வயநாட்டு எடக்கல் குகையைப் பாருங்க. 1890-கள்ல ஃபாசெட்னு ஒரு போலீஸ் அதிகாரி கண்ணுல பட்டதாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு டிக்கெட், காவல் எல்லாம் இருக்கு.

கல்லும் காவியும்:
எடக்கல்லையும் இதையும் ஒண்ணாப் பேசாதீங்க. அங்க இருக்கறது பாறையில வெட்டின கோடு, தமிழ் பிராமி எழுத்துகூட வெட்டினதுதான். இங்க இருக்கறது பாறைமேல பூசின காவி, அதுவும் திறந்த வெளியில. படம் பளிச்சுன்னு விழணும்னு பாட்டில் தண்ணியை அடிக்கறவங்களைப் பாத்திருக்கேன். தண்ணி காயும்போது கல்லுக்குள்ள இருக்கற உப்பு மேல வந்து வெள்ளையாப் படியும், ஓவியம் அதுக்கடியில போயிடும். தொட்டாக் கை எண்ணெய், அடுப்பு மூட்டினாக் கரி. அம்பது பேர் மொத்தமா ஓடி வந்தாப் புழுதி. வேணும்னு யாரும் பண்றதில்லை, அதான் சிக்கலே.

(அட்டளன்னும் சொல்லுவாங்க, அட்டளைன்னும் சொல்லுவாங்க. அள, அளை ரெண்டும் ஒண்ணுதான். பழந்தமிழ்ல அளைன்னா குகை. இங்க இன்னும் பேச்சுல இருக்கு.)

உடுமலை ஓட்டக்காரன்:
நாங்க ஓவியத்து மேல தண்ணி தெளிக்கலைங்க. தொடவுமில்லை, பத்தடி தள்ளி நின்னு பாத்துட்டு வந்தோம்.

ஜீப்பு மாமா:
நீங்க தொடலை சரி. உங்க தடத்தைப் பாத்துட்டு வர்ற நூறாவது ஆளு? அவனுக்கு எங்க திரும்பணும்னு தெரியாது. எழுத்தளன்னு இன்னொரு ஓவியக் குகை, அது இருக்கறது சந்தனக் காப்புக்காட்டுக்குள்ள. ஓவியம் பாக்கற ஆசையில வேலி தாண்டி இறங்கிட்டான்னா சந்தனம் வெட்ட வந்தவன்னுதான் பிடிப்பாங்க. விடியக்காலையில காட்டுமாடும் நிக்கும். தேடப் போறது எங்க பசங்கதான். போன மழைக்கு ஒருத்தரைத் தேடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டார்ச்சோட அலைஞ்சோம்.

உடுமலை ஓட்டக்காரன்:
மாமா, அப்ப உள்ளூர் ஆளைக் கூட்டிக்கிட்டுத்தான் ஓடணும்னு எழுதிப் போடறேனே?

கோவில்கடவு டீச்சர்:
எழுதினதை யாரு படிக்கிறா? தடத்தை மட்டும் போன்ல இறக்கிக்குவாங்க. அட்டளைக்கு ஓடறவங்க வரட்டும், நான் குறுக்க நிக்கலை. ஊர்ல வந்து கேக்கட்டும். ஒருத்தருக்கு அரைநாள் கூலியும் கிடைக்கும், வர்றவங்க மேல ஒரு கண்ணும் இருக்கும்.

கல்லும் காவியும்:
இவ்வளவு பேசறோம், ஒண்ணு கேக்கறேன். ஞாயிறு ஓட்டத்தை ஸ்ட்ராவாவில, அந்த ஓட்டக்காரங்க ஆப்புல, ஏத்தலையே?

உடுமலை ஓட்டக்காரன்:
…ஏத்திட்டேன். வாட்ச் தானா ஏத்திடுதுங்க. இப்பத்தான் பூட்டினேன். அதுக்குள்ள 60 பேர் லைக்கு. கூட வந்தவங்கள்ல ஒருத்தன் அழிச்சுட்டான், இன்னொருத்தன் போனை எடுக்க மாட்டேங்கறான்.

ஜீப்பு மாமா:
அவன் வீடு எங்க, உடுமலையா? நாளைக்கு டவுனுக்கு லோடு இருக்கு. அட்ரஸ் அனுப்புங்க.