தீக்குச்சி கிழித்துக் காட்டினால்தான் மனம் திரும்புமா?

வலிகாமத்தான்:
போன ஞாயிறு பக்கத்து வளவில் பந்தல் போட்டு நற்செய்திக் கூட்டம். அயலட்டை கூப்பிட்டதால் எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். போதகர் லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு மைக்குக்குக் கிட்டப் பிடித்து ஒரு தீக்குச்சியைக் கிழித்தார், அந்தச் 'சர்ர்' ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. முன்னுக்கு இருந்த பெடியனை விரலைக் கொண்டுவரச் சொன்னார், அவன் இழுத்துக்கொண்டான். "ஒரு செக்கன் தாங்க ஏலாத உனக்கு, முடிவே இல்லாமல்..." என்று நிறுத்தினார். குச்சி அணைந்து கும்மிருட்டு. அன்றிலிருந்து மகன் இரவில் லைட்டை அணைக்க விடுகிறான் இல்லை. இதுக்குப் பெயர் பிரசங்கமா?

சபைக்காரன்:
லைட் போட்ட பிறகு அவர் சொன்னதை ஏன் எழுதவில்லை? என் சித்தப்பா இருபது வருஷம் கசிப்பு. சித்தி அழுது பார்த்தா, டொக்டர் ஈரலைக் காட்டி எச்சரித்துப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. ஒரு கூட்டத்தில் "உன் பெட்டிக்குப் பக்கத்தில் உன் பிள்ளைகள் அழாமல் சும்மா நிற்கிறார்கள்" என்று போதகர் சொன்ன காட்சிதான் ஆளை உலுக்கியது. பயம் கூடாதென்றால் நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் 80 வீதத்துக்கு நோய்ப் படம் ஏன்?

பழம்புத்தகம்:
சிகரெட் படத்தில் இருப்பதை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம், நரகத்தை எங்கே போய்ப் பார்க்கிறது? ஆனால் உத்தி பழசு. 1741 ஜூலை 8, அமெரிக்காவில் என்ஃபீல்ட் என்ற ஊரில் ஜொனதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர், நெருப்புக்கு மேலே பிடித்த சிலந்தி போலக் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார் என்றார், சனம் ஓலமிட்டது. வீட்டுக்கு வீடு அடுப்பெரிந்த காலம், சிலந்தியை நெருப்பில் போடுவது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. கேட்பவனுடைய வீட்டுக்குள்ளிருந்தே படத்தை எடுப்பதுதான் சூட்சுமம். நாங்களும் குறைந்தவர்களில்லை, கருட புராணத்து எண்ணெய்க் கொப்பரையை நினைத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் "நமனை யஞ்சோம்" என்று பாடிய அப்பரைத்தான் கோயிலில் ஓதுகிறோம். மேடைப் பிரசங்கத்தையே நாவலர் மிஷன்காரரிடம் பார்த்துத்தான் 1847 கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கினார், ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து ஏசாதீர்கள்.

வலிகாமத்தான்:
சமயத்தை நான் ஏசவில்லை. லைட் அணைந்ததும் பக்கத்துக் கதிரையில் இருந்த ஆச்சி என் கையை இறுக்கிப் பிடித்தா. 95 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பக்கம் சனத்தோடு சனமாக நடந்த மனுசி. பங்கருக்குள் கிடந்தவைக்கு இருட்டும் நெருப்பும் உவமையா? பழம்புத்தகம் சொல்கிற அதே சூட்சுமம்தான், ஆனால் இங்கே வீட்டுக்குள்ளிருந்து எடுப்பது எதை என்று யோசியுங்கள்.

சபைக்காரன்:
ஆச்சி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, பிள்ளைகளும் வயது போனவர்களும் இருக்கிற இடத்தில் லைட் அணைக்கிற வேலை வேண்டாம் என்று நானே போதகரோடு கதைக்கிறேன். சித்தப்பாவின் கதையை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.

வலிகாமத்தான்:
அவர் இப்பவும் குடிக்கிறதில்லையா?

சபைக்காரன்:
ஒன்பது வருஷம், ஒரு சொட்டு இல்லை. இடி இடித்தால் மட்டும் கட்டிலில் கிடக்கமாட்டார், எழும்பி முழந்தாளில் நிற்பார், விடியுமட்டும்.