புதுப்பிப்பு: டர்பன் கோம் இரவும் என் காதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கோம் (gqom) என்ற நடன இசைக்காகப் பழைய கிடங்கில் நடந்த பார்ட்டிக்குப் போய்வந்த பிறகு, விடிந்தும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, என்ன ஆச்சு என்று பலர் கேட்டிருந்தீர்கள். நின்றுவிட்டது. காது நிபுணர் சோதித்துவிட்டு, கேட்கும் திறனில் குறை இல்லை என்றார், அப்புறம் ஒரு கணக்கும் சொன்னார்: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும், 100-க்குப் போனால் வெறும் 15 நிமிடம்தான். நாங்களோ விடியும்வரை ஸ்பீக்கர் ஓரத்திலேயே ஆடினோம்!

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் என் ஆயாவிடம் சொன்னால், "காவடிக்கு மேளம் அடிக்கிறப்போ வராத காதுவலி இதுக்கு மட்டும் எப்படிடா வந்துச்சு?" என்கிறார்.

ஹவுஸ் என்ற நடன இசைக்கும் கோமுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு: ஹவுஸில் கிக் டிரம் (தாளத்தின் கனமான அடி) நான்கு எண்ணிக்கையிலும் ஒழுங்காக விழும், கோம் அதை உடைத்து, நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தைக் காலியாக விட்டுவிடும். டர்பன் டவுன்ஷிப் (கறுப்பின மக்கள் வாழும் புறநகர்) பையன்கள் 2010-களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினியில் செய்த இசை இது. ரேடியோவுக்கு முன்னால் அதை ஊரெங்கும் கொண்டுபோனது பாட்டை அலறவிட்டு ஓடும் மினிபஸ் டாக்சிகள். டர்பனை ஒட்டிய கிளெர்மான்ட்டிலிருந்து வந்த கோம் கலைஞர் டிஜே லேக் உலகம் சுற்றியது அப்புறம்.

பார்ட்டியை விடவில்லை. இப்போது வடிகட்டி உள்ள காது அடைப்பான் போட்டுக்கொண்டு போகிறேன். பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி) நெஞ்சில் அப்படியே இடிக்கிறது, காதுக்குப் போகும் சத்தம் குறைகிறது. பஞ்சு வைப்பதெல்லாம் வீண்.