ஒரே நாள்ல மூணு ஷத்தோ: அம்மா அப்பாவை பஸ் டூர்ல கூட்டிட்டு போகலாமா?

பாரிஸ்_மகள்:
செப்டம்பர்ல அம்மா அப்பா திருச்சியிலேருந்து முதல் தடவையா வர்றாங்க. பாரிஸ்லேருந்து காலைல கிளம்பி ஷம்போர், ஷெனொன்சோ, அம்புவாஸ்னு மூணு ஷத்தோவையும் (பழைய காலத்து அரண்மனைங்க) காட்டிட்டு ராத்திரி கொண்டாந்து விடுற பஸ் டூர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஆனா ஆபீஸ்ல ஒருத்தங்க அது வேஸ்ட், ஒரே ஒரு ஷத்தோவுக்கு போய் அதோட தோட்டத்துல நிதானமா சுத்துங்கன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு சரித்திரம்னா உயிர். எங்ககிட்ட கார் இல்ல. எது சரி?

ஊர்சுத்தி:
யோசிக்கவே வேணாம், பஸ்ல போங்க. அவங்க திரும்ப எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஷம்போரை பாக்காம லுவார் ஆத்துப் பக்கம் போயிட்டு வந்தேன்னு சொல்லவே முடியாது. 1519ல முதலாம் பிரான்சுவா ராஜா ஆரம்பிச்சது, 400க்கு மேல ரூம், நடுவுல ரெண்டு படிக்கட்டு ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டே மேல போகும், நீங்க ஒண்ணுல ஏறுங்க அப்பா இன்னொண்ணுல இறங்கட்டும், நடுவுல இருக்குற திறப்பு வழியா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம் ஆனா சந்திக்கவே மாட்டீங்க. அம்புவாஸ்ல லியனார்டோ டாவின்சியோட கல்லறை இருக்கு. சரித்திரப் பிரியருக்கு இதைவிட என்ன வேணும்? கார் இல்லாம ஷம்போர் போறது சிரமம் வேற.

மரநிழல்:
நான் முழுசா மறுக்கிறேன். கணக்கு போட்டு பாருங்க, பாரிஸ்லேருந்து ஷம்போர் போகவே ரெண்டரை மணி நேரம், திரும்பி வரவும் அதே அளவு, நடுவுல ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்கு ஓட்டம், சாப்பாடு, டாய்லெட், மிச்சம் ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம் தேறினா அதிகம். ஷம்போரோட பார்க் 5,440 ஹெக்டேர், கிட்டத்தட்ட பாரிஸ் நகரத்துல பாதி அளவு, சுத்தி 32 கிலோமீட்டர் மதில். ராஜா அங்க கட்டினதே வேட்டைக்காகத்தான், காடுதான் முதல்ல, கட்டடம் அப்புறம். அந்தக் காட்டுப் பக்கம் திரும்பிக்கூட பாக்காம படிக்கட்டுல ஏறி இறங்கிட்டு வந்தா பாதிதான் பாத்திருக்கீங்க. செப்டம்பர் நடுவுலேருந்து ஆண் மான்கள் துணை தேடி கத்துற சீசன், பொழுது சாயுற நேரத்துல கேட்டா நெஞ்சுக்குள்ள அதிரும். அந்த நேரத்துல உங்க பஸ் நெடுஞ்சாலைல இருக்கும்.

ஊர்சுத்தி:
5,440ல பொதுஜனம் போகக்கூடியது சுமார் ஆயிரம் ஹெக்டேர்தான், மிச்சம் காப்புக்காடு, அதையும் சேத்து சொல்லுங்க. முட்டி வலியோட வர்ற அம்மாவை இருட்டுற நேரத்துல மான் கத்துறதைக் கேக்க காட்டுக்குள்ள நிறுத்தி வைக்கச் சொல்றீங்களா? பஸ்ஸுன்னா வாசல் பக்கம் வரைக்கும் கொண்டு விடுவாங்க.

மரநிழல்:
வாசல் பக்கம் விட்டா போதுமா, உள்ள என்ன இருக்கு? பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல சாமான் எல்லாம் ஏலத்துல போச்சு, இப்ப சில அறைகளைத்தான் திரும்ப அலங்கரிச்சு வச்சிருக்காங்க, முக்கால்வாசி வெறும் கல் அறை. அதைப் பாக்க அந்த அம்மா எத்தனை படி ஏறணும் சொல்லுங்க.

வன்னியன்_94:
தங்கச்சி, நான் இங்க 20 வருசத்துக்கு மேல இருக்கிறன். என்ர அம்மாவுக்கும் முழங்கால் நோ, அவவைக் கூட்டிக்கொண்டு ஷெனொன்சோவுக்கு மட்டும் போனனாங்கள், கார் ஒண்டும் தேவையில்லை. பாரிஸ் மொம்பர்னாஸ் ஸ்டேசனில தெஜேவே, அதுதான் வேக ரெயின், எடுத்து தூர் எண்ட நகரத்துக்குப் போய் அங்கயிருந்து சின்ன ரெயின், ஷத்தோ வாசலுக்குக் கிட்டவே ஸ்டேசன். வாசல்ல இருந்து பெரிய மர வரிசைக்கு நடுவால மட்டமான பாதை, ஆறுதலா நடக்கலாம். ஷத்தோ ஷேர் ஆத்துக்கு மேலயே நிக்குது. பாலத்தின்ர தூணுக்குள்ளதான் குசினி, வள்ளத்தில சாமான் கொண்டுவந்து நேரா குசினிக்குள்ள இறக்குவினமாம், செப்புச் சட்டி எல்லாம் வரிசையா தொங்குது. அம்மா மற்ற அறைகளை விட்டுட்டு அங்கதான் கனநேரம் நிண்டவ. கொஞ்சப் படி இறங்கவேணும், அது மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.

உங்கட அப்பாவுக்கும் அங்க நிறைய இருக்கு. ரெண்டாம் ஆன்றி ராசா இந்த இடத்தை தன்ர காதலி தியான் த புவாத்தியேக்குக் குடுத்தவர், அவ தோட்டமும் பாலமும் போட்டவ. 1559ல ராசா செத்த உடன ராணி கத்ரீன் த மெதிசி அவவை ஷோமோன் எண்ட வேற ஷத்தோவுக்கு மாத்தி அனுப்பிப்போட்டு, தான் அந்தப் பாலத்துக்கு மேல 60 மீட்டர் நீள மண்டபம் கட்டினவ. ரெண்டு பேற்ற தோட்டமும் ரெண்டு பக்கமும் இப்பவும் இருக்கு. முதலாம் உலக யுத்தத்தில அந்த மண்டபம் ஆஸ்பத்திரி. ரெண்டாம் யுத்தத்தில ஜேர்மன்காரன் பிடிச்ச பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் எல்லை அந்த ஆறுதான், மண்டபத்தின்ர ஒரு கதவால உள்ளட்டு மற்றக் கதவால வெளிய போனா தப்பியாச்சு. யுத்தத்தில எல்லை கடந்து வந்த எங்களுக்கு அந்தக் கதவடியில நிக்கேக்க வேற மாதிரி இருக்கும். ஒரு மணித்தியாலத்தில இதெல்லாம் பாக்கேலாது.

ஊர்சுத்தி:
அண்ணே நீங்க சொன்னதுல பாதிக்கு மேல கட்டடத்துக்குள்ளதான் நடந்திருக்கு, கவனிச்சீங்களா? குசினி, மண்டபம், கதவு. தோட்டம்தான் முக்கியம்னு மரநிழல் சொல்றதுக்கு இது பதில். தோட்டத்துல பூவும் புல்லும் அழகா இருக்கும், இல்லங்கல. ஆனா எந்த மனுஷன் எங்க நின்னான், எதுக்கு பயந்தான்னு சுவர்தான் சொல்லும்.

மரநிழல்:
தோட்டம்னா பூவும் புல்லும்னு நினைக்கிறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பாரிஸ்லேருந்து அம்பது கிலோமீட்டர் சொச்சத்துல வோ-லெ-விகோம்த்னு ஒண்ணு இருக்கு, நிதி மந்திரி ஃபூக்கே கட்டினது, தோட்டம் போட்டது லெ நோத்ர். மாளிகைப் படியில நின்னு பாத்தா மொத்த தோட்டமும் ஒரே பார்வைல தெரியுற மாதிரி இருக்கும், முடிவுல இருக்குற குகைச் சுவர் இதோ பக்கத்துல இருக்குன்னு தோணும். நடக்க ஆரம்பிச்சா அது தள்ளித் தள்ளிப் போகும், கடைசில பாத்தா நடுவுல கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் குறுக்க கிடக்கு, மாளிகைலேருந்து அது கண்ணுக்கே தெரியாது, தரையை சரிச்சு அதை மறைச்சு வச்சிருக்காரு. 1661 ஆகஸ்ட் 17ல அங்க ராஜா பதினாலாம் லூயிக்கு விருந்து வச்சாங்க, மூணு வாரத்துக்குள்ள ஃபூக்கேவை கைது பண்ணிட்டாங்க, லெ நோத்ரும் கட்டடக் கலைஞரும் ஓவியரும் ராஜா பக்கம் போய் வெர்சாய்க்கு வேலை பாத்தாங்க. இதுவும் சரித்திரம்தான், ஆனா காலால நடந்தாதான் விளங்கும். நடக்க முடியாதவங்களுக்கு பாட்டரி வண்டி வாடகைக்கு தர்றாங்க.

பாரிஸ்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து போன்ல அம்மாகிட்ட கேட்டேன், மூணு பாக்கலாமா ஒண்ணு பாக்கலாமான்னு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அங்க உக்கார இடம் இருக்குமா, புளிசாதம் கட்டிட்டு போலாமா?" அப்பாகிட்ட அந்த ரெண்டு கதவு கதையை சொன்னேன், இப்பவே மேப் எடுத்து ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டு இருக்காரு. பஸ் வேணாம்னு விட்டுட்டேன், ரயில்ல ஷெனொன்சோ மட்டும். வோ இன்னொரு வாரக்கடைசில முடிஞ்சா பாப்போம்.

வன்னியன்_94:
வெளியில மரத்துக்குக் கீழ மேசை வாங்கு போட்டிருக்கு, வடிவா இருந்து சாப்பிடலாம். காலம்பற முதல் ரெயினில போங்கோ, பதினொரு மணிக்குப் பிறகு பஸ்காரர் எல்லாம் வந்திடுவினம், மண்டபத்துக்குள்ள நிக்கேலாது.

ஊர்சுத்தி:
நல்லா போயிட்டு வாங்க. ஆனா நான் ஒத்துக்கல. அந்த வயசுல ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் பறந்து வந்து ஷம்போர் படிக்கட்டை பாக்காம திரும்புறது எனக்கு மனசு கேக்கல. ஒரு ராத்திரி ஷம்போர் பக்கத்துல இருக்குற ப்ளுவா ஊர்ல தங்க முடியுமான்னு பாருங்க, அங்கேருந்து சீசன்ல ஷம்போருக்கு பஸ் விடுறாங்க. அம்மா கீழ பெஞ்சுல உக்காரட்டும், அப்பாவை நீங்க மேல கூட்டிட்டு போங்க.