இங்கிலாந்து – ஸ்காட்லாந்து ரக்பி, சனி ராத்திரி 10.15: யார் மேல் பந்தயம் கட்டலாம்?

சேர்மாதேவிக்காரன்:

அண்ணாச்சிமாரே, ஒரு அவசர உதவி வேணும். நான் வீட்டில் இருந்தபடி வேலை பார்க்கிற டீமில் மேனேஜர் எடின்பரோக்காரர், அவருக்கு அடுத்தவர் பர்மிங்காம்காரர். வருஷம் முழுக்க ப்ளீஸ், தேங்க்ஸ் இல்லாமல் பேசாத மனுஷர்கள் இந்த ஒரு வாரம் மட்டும் குரூப் சாட்டில் கீரியும் பாம்புமாக நிற்கிறார்கள். 2025 பிப்ரவரி 22 சனிக்கிழமை லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றனவாம், ஆறு நாடுகள் வருஷா வருஷம் ஆடுகிற சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் மேட்ச். யார் ஜெயிப்பார்கள், எத்தனை பாயின்ட் வித்தியாசம் என்று டீமில் உள்ள எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கணும், ரொம்ப விலகிப் போனவன் ஈஸ்டர் லீவில் ஆன்கால், அதாவது கூப்பிட்ட நேரம் வேலை, பார்க்கணும். அதுதான் பந்தயம்.

எனக்கு ரக்பியில் தெரிந்ததெல்லாம் முட்டை மாதிரி பந்து, கையால் முன்பக்கம் எறியக் கூடாது, அவ்வளவுதான். போன வருஷ மேட்ச் ஹைலைட்ஸ் பார்த்தேன். நீலச் சட்டை 11-ம் நம்பர் மலை மாதிரி ஒரு ஆள், மூணு தடவை ஓடிப்போய் விழுந்தார், கூட்டம் கத்தியது, அது புரிந்தது. ஆனால் நடுநடுவே பத்து பேர் ஒருத்தன் மேல் ஒருத்தனாகக் கிடக்கிறார்கள், ரெஃப்ரி விசில் ஊதிக் கையைத் தூக்குகிறார், ஏன் எதுக்கு என்று ஒரு எழவும் புரியவில்லை. வீட்டில் பிசான அறுப்பு வேறு, அறுப்பு மிஷின்காரன் எப்போ கூப்பிடுவான் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை துபாயில் இந்தியா–பாகிஸ்தான். அதனால் எண்பது நிமிஷத்தையும் ஆராய்ச்சி பண்ண நேரமில்லை. எதை மட்டும் பார்த்தால் போதும், யார் பேரை எழுதட்டும்?

வள்ளியூரான் (இப்போ எடின்பரோ):

தம்பி, நான் இந்த ஊரில் குடியிருப்பவன், எனக்கு வேறு வழி இல்லை, ஸ்காட்லாந்துதான் சொல்வேன். ஆனால் காரணம் இருக்கிறது.

2021-லிருந்து 2024 வரை நாலு வருஷம் வரிசையாக ஸ்காட்லாந்துதான் ஜெயித்தது: 11-6, 20-17, 29-23, 30-21. இதில் முதலாவதும் மூணாவதும் ட்விக்கன்ஹாமிலேயே. 2021-க்கு முன்னாடி அந்த மைதானத்தில் இவர்கள் ஜெயித்தது 1983-ல். அதாவது 38 வருஷம் வெறுங்கையோடு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தவர்கள், இப்போது போனாலே எதையாவது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2019-ல் இன்னும் கூத்து. இங்கிலாந்து 31-0 முன்னிலை, பாதி ஜனம் டிவியை அணைத்துவிட்டுப் போயிருக்கும், கடைசியில் 38-38 டிரா. ட்விக்கன்ஹாமில் ஸ்காட்லாந்து கடைசியாகத் தோற்றது 2017-ல், அது 61-21, அதைப் பற்றி இங்கே யாரும் பேச மாட்டார்கள், நானும் பேசவில்லை.

நீ பார்த்த அந்த 11-ம் நம்பர் டூஹான் வான் டெர் மெர்வே. பிறந்தது தென்னாப்பிரிக்காவில், ஆடுவது ஸ்காட்லாந்துக்கு. 2023-ல் தன் பாதியில் பந்தை வாங்கி அஞ்சாறு பேரைத் தாண்டி அவர் போட்ட ட்ரையை (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை) தேடிப் பார், பத்து வினாடி சமாசாரம், அதைப் பார்த்துவிட்டு வேறு யார் பேரையும் எழுத உனக்குக் கை வராது.

எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். இந்த சீசனில் இத்தாலியை 31-19 என்று அடித்தோம், சரி. ஆனால் அயர்லாந்து எங்கள் ஊருக்கே வந்து 32-18 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் ஆட்டத்தையே நடத்துகிற 10-ம் நம்பர் ஃபின் ரஸ்ஸலும் டார்சி கிரஹாமும், ஒரே டீம் ஆட்கள்தான், தலையோடு தலை மோதி இரண்டு பேரும் வெளியே போனார்கள். தலையில் அடிபட்டால் பல கட்டப் பரிசோதனை தாண்டினால்தான் ஆட விடுவார்கள். ரஸ்ஸல் தாண்டினால் ஸ்காட்லாந்து, தாண்டாவிட்டால் நீ இங்கிலாந்து என்று எழுதிவிடு, நான் கோபப்பட மாட்டேன்.

ஒண்ணு கேட்டியா, இவர்கள் அடித்துக்கொள்கிற கோப்பைக்குப் பேரே கல்கத்தா கப். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர் இருபது பேர் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர் சேர்ந்து இருபது பேர் எதிர்ப்பக்கம் என்று ஆடினார்கள். மறு வருஷமே கிளப் ஆரம்பித்தார்கள். அந்த வெயிலில் எத்தனை நாள் இந்த ஆட்டம் ஓடும்? போலோ, டென்னிஸ் என்று ஆட்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள், கிளப் படுத்துவிட்டது. பாங்கில் கிடந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, 270 ரூபாய் என்று சொல்வார்கள், அதை உருக்கிக் கோப்பையாக அடித்து 1878-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், வருஷா வருஷம் இதை வைத்து ஆடணும் என்று நிபந்தனையோடு. கைப்பிடி மூணும் படமெடுத்த நல்லபாம்பு, மூடி மேல் ஒரு யானை. 1879-ல் எடின்பரோவில் முதல் தடவை இதற்காக ஆடினார்கள், டிரா ஆனது.

அப்புறம் 1988-ல் மேட்ச் முடிந்த ராத்திரி இரண்டு டீமிலும் ஒவ்வொருத்தர், இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸ், ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரி, நல்ல போதையில் இந்தக் கோப்பையைத் தெருவில் பந்து மாதிரி உதைத்துக்கொண்டு போய் நசுக்கிவிட்டார்கள். நான் தினமும் பஸ் ஏறுகிற பிரின்சஸ் தெருதான். ஸ்காட்லாந்து தன் ஆளுக்கு ஆறு மாசம் தடை போட்டது. இங்கிலாந்து போட்டது ஒரே ஒரு மேட்ச். இங்கே பெரிசுகள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சேர்மாதேவிக்காரன்:

வெள்ளி நம்ம ஊர் ரூபா, பாம்பும் யானையும் நம்மளுது, உதைத்து நசுக்கினது அவங்க. நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம். இதை அப்படியே மேனேஜரிடம் சொல்லப் போகிறேன்.

பாளை பி.டி. வாத்தியார்:

தம்பி, சரித்திரம் இருக்கட்டும், உன் கேள்விக்கு வருவோம். நான் ரிட்டயர் ஆன விளையாட்டு ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக் கொடுத்தது கிடையாது. பந்தே வாங்கித் தரவில்லை, எழுதி எழுதிக் கேட்டதுதான் மிச்சம். இந்தியாவில் ஆடுவதும் பெரும்பாலும் ஏழு பேர் செவன்ஸ்தான். ஆனால் டிவியில் பல வருஷமாகப் பார்க்கிறேன்.

நீ நம்ம பக்கத்துப் பையன், கோயில் கொடையில் டியூப் லைட் கட்டி நடக்கிற கபடி பார்த்திருப்பாய். ரெய்டு வந்தவனைக் கணுக்காலில் பிடித்து அமுக்கிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. ரக்பியில் ஆளை அமுக்கின பிறகுதான் கதையே ஆரம்பம். விழுந்தவன் பந்தை விட்டுவிடணும். விழுத்தினவன் உருண்டு விலகணும். உதவிக்கு வருகிறவர்கள் தங்கள் பக்கமிருந்துதான் நுழையணும், அதுவும் காலில் நின்றபடி. பக்கவாட்டில் புகுந்தாலோ, பந்து மேல் படுத்துக்கொண்டாலோ விசில். நீ 'ஒரு எழவும் புரியவில்லை' என்றாயே, அந்தப் பத்து பேர் குவியல் இதுதான். டிவிக்காரன் குளோசப் காட்டும்போது பந்தைத் தேடாதே. விழுந்து கிடப்பவன் பக்கத்தில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக் குனிந்து, பந்தைப் பறிக்க எவன் முதலில் வருகிறான் என்று பார். அவன் கை பந்தில் பட்டு, விழுந்தவன் விடாமல் பிடித்திருந்தால் பெனால்டி, பறிக்க வந்தவனுக்கு. கோல் கம்பம் எட்டும் தூரம் என்றால் உதைத்து 3 பாயின்ட். இந்த மாதிரி மேட்சில் அப்படி வருகிற மூணு மூணுதான் கணக்கைத் தீர்க்கும்.

ட்ரைக்கு 5, அதற்குப் பின் உதைக்கிற கன்வெர்ஷனுக்கு 2. ஸ்க்ரம், லைன்அவுட் எல்லாம் முதல் தடவை புரியவில்லை என்றால் விட்டுவிடு, குடி முழுகிப் போகாது.

சிவப்பு அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த சீசனில் அட்டை வாங்கினவன் திரும்ப வர முடியாது, ஆனால் 20 நிமிஷம் கழித்து அவனுக்குப் பதில் வேறு ஆள் இறங்கலாம். வேண்டுமென்றே செய்த அடாவடி என்றால் அதுவும் கிடையாது. அதனால் சிவப்பு வந்ததும் மேட்ச் முடிந்தது என்று டிவியை அணைத்துவிடாதே.

கோவில்பட்டி ஹாக்கிப் பய:

எல்லாரும் ஸ்காட்லாந்துக்குக் கொடி பிடிக்கிறீர்கள், நான் இங்கிலாந்து சொல்கிறேன்.

வள்ளியூர் அண்ணாச்சி பழைய ஸ்கோராக அடுக்குகிறார், ஆனால் இரண்டு வாரம் முன்னாடி என்ன நடந்தது என்று பார்க்கணுமா வேண்டாமா? பிரான்ஸைக் கடைசி நிமிஷத்தில் 26-25 என்று இங்கிலாந்து தூக்கிற்று. எலியட் டேலி ட்ரை, ஃபின் ஸ்மித் கன்வெர்ஷன், முடிந்தது. அதற்கு முன்னால் நவம்பரிலிருந்தே இவர்கள் நெருக்கமான மேட்சை எல்லாம் கடைசியில் கோட்டைவிட்டுக் கொண்டிருந்தார்கள், நியூசிலாந்திடம் 24-22, ஆஸ்திரேலியாவிடம் 42-37. அந்த நோய் பிரான்ஸ் மேட்சோடு தெளிந்துவிட்டது என்பது என் எண்ணம். மாரோ இட்டோஜே கேப்டன் ஆனதும் ஃபார்வர்ட்ஸ், அதாவது முன்னால் நின்று மோதுகிற எட்டு பேர், ஆட்டத்தில் ஒரு முறைப்பு வந்திருக்கிறது.

இன்னொன்று, இந்த ஃபின் ஸ்மித் யாரென்று நினைக்கிறீர்கள்? அம்மா அப்பா இரண்டு பேருமே ஸ்காட்லாந்துக்காரர்கள், தாத்தா டாம் எலியட் ஸ்காட்லாந்துக்கே ஆடினவர். பேரன் இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டை போட்டு 10-ம் நம்பரில் நிற்கிறான். அங்கே தென்னாப்பிரிக்காக்காரர் நீலச் சட்டையில், இங்கே ஸ்காட்லாந்து வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சட்டையில். சவத்த விடுங்க, யார் எந்த நாடு என்று கணக்குப் பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

எப்படி ஆடுவார்கள் என்பது முக்கியம். போன வருஷம் இங்கிலாந்து தடுப்பு வேகவேகமாக மேலே ஏறிப்போய், ஓரத்தில் இடத்தைத் திறந்துவிட்டது, அந்த இடத்தில்தான் வான் டெர் மெர்வே ஓடினார். இந்தத் தடவை அவ்வளவு ஏமாளியாக இருக்க மாட்டார்கள். பந்தை உயரத் தூக்கி உதைத்து, கீழே ஓடிப்போய் மோதுவார்கள். பார்க்க சலிப்பாகத்தான் இருக்கும், நானே திட்டுவேன், ஆனால் ஸ்காட்லாந்துக்குக் கையில் பந்து கிடைக்காவிட்டால் அவர்கள் வித்தை எல்லாம் பெட்டிக்குள்தான். இங்கிலாந்து, 6 பாயின்ட்.

வள்ளியூரான் (இப்போ எடின்பரோ):

டீம் அறிவித்துவிட்டார்கள் தம்பி. ரஸ்ஸல் இருக்கிறார்! டார்சி கிரஹாம் இல்லை, அவர் இடத்தில் கைல் ரோ. நடுவில் ஆடுகிற டியுபுலோட்டு காயத்தால் இந்தத் தொடரிலேயே இல்லை என்பது பழைய செய்தி, அங்கே டாம் ஜோர்டன். பக்கத்தில் ஹியூ ஜோன்ஸ், இத்தாலிக்கு எதிராக மூணு ட்ரை போட்ட மனுஷன், இங்கிலாந்தைக் கண்டாலே இவருக்குக் கால் தானாக ஓடும்.

கோவில்பட்டி சொல்கிறது தப்பில்லை, உயரப் பந்து எங்களுக்குத் தலைவலிதான். ஆனால் வே, நாலு வருஷமாக ஒவ்வொரு தடவையும் மேட்சுக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறீர்கள். ஸ்காட்லாந்து, 4 பாயின்ட்.

சேர்மாதேவிக்காரன்:

ஒரு பக்கம் 6, ஒரு பக்கம் 4. வாத்தியார் சார், நீங்க யார் பக்கம்? உங்க பேச்சைக் கேட்டுத்தான் எழுதப் போகிறேன், ஈஸ்டர் ஆன்கால் உங்க தலையில்தான்.

பாளை பி.டி. வாத்தியார்:

என் தலையில் ஏற்கனவே முடி இல்லை, இதையும் தூக்கி வை.

கன்வெர்ஷன் கிக்கை எங்கிருந்து வேண்டுமானாலும் உதைக்க முடியாது. ட்ரை எந்த இடத்தில் ஊன்றப்பட்டதோ, அதற்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைக்கணும். கம்பத்துக்கு அடியில் ட்ரை போட்டால் குழந்தை கூட உதைக்கும். மூலையில் போட்டால் கோட்டோரமாக நின்று சாய்வாக உதைக்கணும், அதுவும் இப்போது 60 வினாடிக்குள். ஸ்காட்லாந்துக்கு ட்ரை வருவது பெரும்பாலும் ஓரமாகத்தான், அவர்கள் ஓடுகிற இடம் அது. இங்கிலாந்து மெனக்கெட்டு மூணு மூணாகச் சேர்க்கும். அதனால் ட்ரை எண்ணிக்கையில் ஸ்காட்லாந்து முன்னால் இருந்துகொண்டே ஸ்கோரில் பின்னால் நிற்க வாய்ப்பு உண்டு. வித்தியாசம் 6 எல்லாம் போகாது. நீ இங்கிலாந்து, 2 பாயின்ட் என்று எழுது. எடின்பரோ மேனேஜர் மூஞ்சியைத் தூக்கினால் வள்ளியூர் அண்ணாச்சியைக் காட்டிவிடு.

ட்ரை விழுந்ததும் ஜனமெல்லாம் தண்ணி குடிக்க எழுந்து போகும், நீ மட்டும் போகாதே, அந்த உதையைப் பார்த்துவிட்டுப் போ. அறுப்பு மிஷின் அந்த நேரம் வந்தால் அப்பாவை அனுப்பு.